எடை கூடிய பார்சல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நாங்களும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், மீதியை நீயே புரிந்துகொள். விடுதிச் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், அவர்கள் மடிக்கிற படுக்கை விரிப்புகளும் இப்போது என் தலையில்தான். வீடு வந்து சேரும்போது இடுப்பு என்னுடையதுதானா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, வலியைவிட அவர் புலம்பல் பெரிது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், வீடியோவில் எல்லாரும் சுற்றி நிற்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நாங்கள் சாப்பிடவில்லை. நாலு மாதக் குழந்தை பாலுக்கு வீறிட்டு அழுகிறான், நீ ரப்பர் சூப்பானை அவன் வாயில் வைத்து இன்னும் நேரமாகல என்கிறாய். நடுவில் தண்ணீர் கொடுத்துச் சமாளிக்கிறேன் என்கிறாய். ஏன்டி இப்படி என்று கேட்டால், ரொம்ப வேகமா குண்டாகிட்டே போறான்மா, அப்பாவே வாராவாரம் சொல்றாரே என்கிறாய்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் பார்சல் ஆபீஸ் தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனுஷன். கொஞ்சத் தெரியாது, பிடித்தவர்களைப் பார்த்தால் எடைதான் சொல்லுவார். உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைத் தட்டிக்கொடுத்து, சரக்கு கொஞ்சம் லேசா இருக்கே என்று சொல்லி, சம்பந்தியம்மா முகம் போன போக்கை மறந்துவிட்டாயா? அந்த மாதிரிதான் இதுவும். பார்சல் எடை கூடிப்போச்சு, கூடுதல் கட்டணம் எடு என்று அவர் ஞாயிறுதோறும் கத்தினால் அது முத்தம். அதை வைத்துக்கொண்டு பச்சைக் குழந்தையைப் பட்டினி போடுவாய் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. உன் மேல் கோபம் இல்லை, கோபப்படவும் தெம்பில்லை, வயிறு எரிகிறது அவ்வளவுதான்.

போன மாதம் டாக்டர் என்ன சொன்னார் என்று நீதானே என்னிடம் சொன்னாய்? உயரமும் எடையும் சேர்ந்தே ஏறுது, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைங்க முதல்ல இப்படித்தான் வளருவாங்க, தவழ ஆரம்பிச்சா தானா நிதானத்துக்கு வரும் என்று சொன்னாராமே. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் பேச்சு காதில் ஏறவில்லை, தாத்தாவின் கேலி ஏறிவிட்டது. சந்தேகம் இருந்தால் மறுபடியும் அவரிடமே தூக்கிக்கொண்டு போ. அதுவரைக்கும் அழுதால் கொடு, போதும் என்று அவனே முகத்தைத் திருப்பினால் விடு. தண்ணீரை இன்றைக்கே நிறுத்து. மேல்வீட்டுக்காரி உன் பாலில் கொழுப்பு ஜாஸ்தி என்றாளாமே, அவள் எந்தக் கரண்டியால் கிண்டிப் பார்த்தாள் என்று கேள்.

நேற்று அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, வாரம் தவறாம அந்தப் பயலோட தொடையையே பார்த்துக்கிட்டு இருந்தேன், என் பொண்ணு பாதியா எளைச்சு நிக்கிறா, அது என் கண்ணுல படலையே என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தூங்கினாயா, எதையாவது உட்கார்ந்து சாப்பிட்டாயா என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளையிடமும் சொல், ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டட்டும்.

உங்கள் மூவருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசி, தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் ஒன்று செய். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனை உடனே அவன் பக்கம் திருப்பாதே. முதலில் உன் முகத்தைக் காட்டு. எங்கள் குழந்தையை நாங்கள் பார்த்து நாலு மாதம் ஆகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா