கோரைப்பல்லுக்கு ஒரு பிடி மண்

என் செல்லத் தம்பி முத்தையா,

உன்னை முனியாக்கப் போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நான் சம்மதிக்க வேண்டுமாம். சம்மதிக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊர் படித்தாலும் படிக்கட்டும்.

உன்னைக் கொண்டுபோன ஐப்பசி மழையை ஊர் மறந்துவிட்டது. கண்மாய்க் கரை உடைப்பெடுத்த இடத்தில் ஒற்றை ஆளாக மண்மூட்டை அடுக்கினாய். கரை சரிந்து உன்னையே மூடியது. மாசியில் மாடுகள் நுரை தள்ளிச் செத்தது மட்டும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. "அந்த ராட்சசன் பசியோட அலையிறான்" என்று யாரோ சொன்னார்கள். அது போதாதா?

அய்யனார் கோவிலுக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழாவோடு உனக்கும் ஒரு மண்சிலையாம். முழித்த கண், கையில் அரிவாள், வாயில் கோரைப்பல். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்துக் கொடுத்தால்தான் வேளார் சிலை வேலையில் கை வைப்பார். உன் சிலைக்கு உடன்பிறந்தவள் கைமண் வேண்டுமென்கிறார்கள்.

நேற்றுக் காலை ஊர்த் தலைவர் அம்பலமும் வேளாரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஆத்தா, ஒன் தம்பியச் சாமியாக்குறோம். அதுக்குமா கோவம்?" என்றார் அம்பலம்.

"உசுரோட இருந்தப்ப ஒங்க வாசல்ல ஒரு சொம்புத் தண்ணி குடுத்தீங்களா? இப்பப் படையல் போடுறீங்களாக்கும்."

"பழசப் பேசாத. பிள்ளைக பயந்துச்சுக."

"பயங்காட்டுனது யாரு? 'சோறு திங்கலேன்னா முத்தையாவக் கூப்பிடுவேன்'னு ஒங்க வீட்டம்மாதான சொன்னாங்க!"

வேளார் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்பலத்தின் முகம் கறுத்துவிட்டது. "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்போம். நீ குடுக்கலேன்னா அவன் குழிமேட்டு மண்ண நாங்களே அள்ளிக்கிருவோம்."

நான் வேளார் வாயைப் பொத்திய அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

நீ பர்மாவுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனவன். வெள்ளைக்காரன் போன பிறகு அந்த நாட்டுக்காரர்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். உன் கையிலும் துப்பாக்கியைத் திணித்தார்கள். உன் கடிதங்களை மற்றவர்கள் வாசித்தால் பாதியை விழுங்குகிறார்கள் என்றுதான் நானே எழுத்துக் கூட்டப் பழகினேன். யாரைச் சுட்டாய் என்று நீ எழுதவில்லை. இலுப்பூர் பஸ்ஸிலிருந்து நீ இறங்கியபோது கீழ்த்தாடையில் பாதி இல்லை. உதடு மூடாமல் பல் வெளியே தெரிந்தது. அதைத்தான் இவர்கள் கோரைப்பல் என்கிறார்கள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, "வாய மூடிக்கப்பா" என்று நான்தான் உன்னிடம் துண்டை நீட்டினேன். மூடிக்கொண்டாய். அதன் பிறகு என் முன்னால்கூட அதை எடுக்கவில்லை. சோற்றையும் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய்த்தான் தின்றாய். ஒரு முறையாவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

இன்று விடிந்ததும் உன் குழிமேட்டில் வந்து உட்கார்ந்துவிட்டேன். வேளார் மட்டும் தனியாகத் தேடி வந்தார்.

"ஆத்தா, கோரப்பல்லு இல்லாம மனுசனாச் செஞ்சா மண்ணு குடுப்பீங்களா?"

"அருவா?"

"அது வேணாம். மம்பட்டி வச்சிருவோம்."

மனசு ஆடிவிட்டது தம்பி, பொய் சொல்லமாட்டேன். கை மண்வரைக்கும் போய்விட்டது.

"வாயி?" என்றேன்.

"நல்லா மூடுன வாயா, அழகாச் செஞ்சிர்றேன்."

கையை எடுத்துவிட்டேன். "மூடுன வாயி வேணாம் வேளாரே. போயிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை மண்வெட்டியோடு வருவார்கள். வரட்டும். நான் இந்த மேட்டிலேயே இருப்பேன். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் ஒரு பிடி அள்ள முடியும். நீ அங்கே துண்டை எடுத்துவிட்டு நிதானமாகச் சாப்பிடு. நான் வந்ததும் உன் எதிரில் உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். இது சத்தியம்.

முனிக்கு இல்லை, முத்தையாவுக்கு மட்டும் அக்காவான,
பொன்னம்மாள்