பத்திரிகையில் உன் பேர்

சின்னண்ணே, என் சிரிப்புக்கார ராசா,

உன் படத்தை நான் எரிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் காரியத்துக்கு வந்தவர்களிடம் பெரியண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி மெட்ராஸ்ல ஏதோ கம்பெனியில இருந்தான்." மூன்று ஊமைப்படம் எடுத்து, மூன்றிலும் நீயே கோமாளியாக நடித்து, கொட்டகை கொட்டகையாகச் சிரிக்கவைத்தவன் நீ. பேசும்படம் வந்ததும், பாடத் தெரியாதவன் என்று முதலாளிகள் உன்னைக் கைகழுவினார்கள். சொந்த வீட்டிலும் அதே கதிதானா?

என் மகள் செல்லத்துக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை பேசியிருக்கிறது. போன வாரம் பெரியண்ணன் வந்தார். உன் படங்களில் மிஞ்சியது ஒன்றுதான், அது என் பெட்டியில் இருக்கிறது.

"ஏட்டி, அதை அடுப்புல போட்டுரு. நீ சினிமாவுல ஆடினவள்னு சம்பந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா உம் மவ கழுத்துல தாலி ஏறுமா?"

எனக்கு வந்ததே கோபம்! அந்தப் படத்தில் பெண் பார்க்க வரும் கிறுக்கு மாப்பிள்ளை நீ. உன்னைக் கண்டு ஓடுகிற பெண் நான். நடிக்க ஒருத்தியும் வரவில்லை என்றுதானே என்னைக் கூட்டிப்போனாய்? அருவியில் தண்ணீர் வேண்டுமென்று சீசனில் குற்றாலம் போனோம். தண்ணீர் இருந்தது, வெயில் இல்லை! நாலு நாள் சாரலில் நனைந்தோம். வெயில் எட்டிப் பார்த்த நேரம், கை விறைத்த கேமராக்காரர் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிவிட்டார். மெதுவாகச் சுற்றி எடுத்தால் திரையில் வேகமாக ஓடுமாம். திரையில் நான் பேய் துரத்தியதுபோல் பறந்தேன். திரும்ப எடுக்கலாம் என்றார் அவர். "இருக்கட்டும்வே, இதுதான் படம்" என்றாய்.

"எரிக்க மாட்டேன்ணே. அவங்களையே கூப்பிட்டுக் காட்டுதேன். பிடிக்கலேன்னா தாம்பூலத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போகட்டும்" என்றேன் பெரியண்ணனிடம். செல்லத்திடமும் கேட்டேன். "போடும்மா, நானும் பார்த்ததில்லையே" என்றாள்.

நேற்று தென்காசி டென்ட் கொட்டகையில் போட்டோம். ஆரம்பிக்கும் முன் எழுந்து நின்றேன். "எடுத்தது எங்கண்ணன். ஓடுதது நான்" என்றேன். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு!

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம்: "பிடிகொடுக்காதட்டி, ஓடு! ஓடு!"

திரும்பினேன். பெரியண்ணன். கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். உன் படத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் உன் பேர் வரும். பக்கத்திலேயே 'சினிமா நடிகர், டைரக்டர்' என்று போடுவேன். எவன் வேண்டாமென்றாலும் போடுவேன்.

உன் கூடப்பிறந்தவள், உன் கதாநாயகி,
கோமதி