காற்றில்லாத மதியத்தில் சுற்றிய விசிறி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, இடது மணிக்கட்டு மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் சொல்லிக் காட்டும், மற்றபடி பசிக்கிறது, தூக்கம் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் வேளைக்குச் சாப்பிட்டு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய், போன செவ்வாய்க்கிழமை மட்டும் ஏழு தடவை குறுக்கே பேசினாய், எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். காகிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்த மாதம் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். கரண்ட் போன நேரத்தில் மாடிப்படியில் விழுந்தேன், ஒத்துக்கொள்கிறேன். "இனிமே ஒரு தடவை நீ இருட்டுல படியேறினேன்னு தெரிஞ்சா வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்" என்று நீ அதட்டியது இன்னும் காதில் நிற்கிறது. பதினெட்டுப் படி, ஒரு ஜன்னல் கிடையாது, கீழே அடுப்பு, மேலே தையல் மெஷினும் கட்டிலும், நான் ஏறாமல் இறங்காமல் எப்படி இருப்பது. நீ அனுப்பிய சார்ஜ் விளக்கு இரண்டும் ஆறு மாதத்தில் கண்ணை மூடிவிட்டன. அதனால் கரண்ட் போனாலும் போகாத விளக்கு ஒன்று அந்தப் படிக்கு இருந்தால், நான் என் வீட்டிலேயே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த விளக்கைச் செய்துவிட்டேன் கண்ணு. எப்படி என்று கேள்.

பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறாரே, என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னை அக்கா என்பார், அவர் கடையில் கத்தரிக்கோல் தேடப் போனேன். நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின் ஒன்றை யாரோ துணி காயப்போட்டே வீணாக்கி எடைக்குப் போட்டிருந்தார்கள். அவர் அதன் மோட்டாரைக் கழற்றி, வயரில் ஒரு குட்டி பல்பை மாட்டி, கையால் அச்சைச் சுற்றினார், பல்பு தூக்கத்திலிருந்து கண் திறக்கிற மாதிரி சிவப்பாக முழித்துப் பார்த்தது. "கரண்ட் குடுத்தா இது சுத்தும், நாம சுத்தினா இது கரண்ட் குடுக்கும், அவ்வளவுதான் அக்கா ரகசியம்" என்றார். ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்து அச்சைத் திருப்பிக்கொண்டே வந்தேன். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று பிடித்துப் பிடித்து விட்டது, நீ வயிற்றில் இருக்கும்போது உதைத்த மாதிரி.

என் கைக்குப் பதில் காற்றே அந்த அச்சைச் சுற்றட்டும் என்று முடிவு பண்ணினேன். காற்றாடிக்கு மூன்று இலை வேண்டும். பிவிசி குழாயை நீளமாகப் பிளந்து, சட்டைக்குக் கை வெட்டுவதுபோல் செய்தித்தாளில் அளவு வெட்டி, துணிக்குப் போடுகிற சாக்கட்டியால் கோடு போட்டு அறுத்தேன். நாற்பது வருடம் கை வெட்டியவளுக்கு இது என்ன பெரிய வேலை. ஒன்று மட்டும் கனமாக இருந்தது, நூலில் கட்டித் தூக்கிப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவினேன். காற்று வரும் பக்கம் திருப்புகிற வாலுக்குப் பிஸ்கட் டின் மூடி. வெல்டர் ஒருவர் வந்து மொட்டை மாடியில் கம்பம் நட்டு மோட்டாரை மேலே ஏற்றிவிட்டு, மெக்கானிக்கிடமிருந்து பழைய கார் பேட்டரி ஒன்றையும் வாங்கி வந்து படிக்கு அடியில் வைத்தார்.

இத்தனையையும் பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார், யார் என்று நான் சொல்ல வேண்டாம், உன் சித்தப்பாதான். காலம் பூராவும் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியவர், அவருக்குக் கை அரிக்காதா. ஆனால் பத்தொன்பது வருடமாக நமக்குள் பேச்சு இல்லையே. வீட்டைப் பாதியாகப் பிரித்த அன்று, ஒரு வியாழக்கிழமை, இரண்டாவது பொத்தான் இல்லாத சாம்பல் நிறச் சட்டையில் உட்கார்ந்துகொண்டு, பத்திரம் எழுதுபவரிடம் "அண்ணிக்கு வாசிச்சுக் காட்டி என்ன ஆகப்போகுது, கையெழுத்தை வாங்குங்க" என்றார். நான் நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் விரல் வைத்து இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அந்த மனிதர் இப்போது ஆகாயத்தைப் பார்த்து, "பேட்டரிக்குப் போற சிவப்பு வயர்ல இதை வெக்கணும், வெள்ளிக்கோடு பேட்டரியப் பாத்து இருக்கணும், வெக்கலைன்னா வம்பு" என்று சொல்லி, காகிதத்தில் மடித்து ஏதோ ஒன்றைச் சுவரைத் தாண்டிப் போட்டார். பிரித்தால் அவரை விதை அளவில் கருப்பாக ஒரு சாமான், டயோடு என்று பெயராம். இவர் சொல்லி நான் வைப்பதா. பொத்தான் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். மகளே, அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

முதல் வாரம் நல்ல காற்று, படிவிளக்கு மஞ்சளாக அழகாக எரிந்தது. அப்புறம் காற்று நின்றுபோனது. கொடியில் போட்ட துணியின் ஓரம்கூட அசையவில்லை, ஆனால் என் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அவசரமே இல்லாமல், யாரோ யோசித்து யோசித்துச் சுற்றுகிற மாதிரி. எனக்கு எப்படி இருந்தது தெரியுமா, நம் தலைக்கு மேல் நமக்குத் தெரியாமல் ஒரு மெல்லிய காற்று ஓடுகிறது, அது இந்த விசிறிக்கு மட்டும்தான் தெரிகிறது என்று. இரண்டு நாள் மதியமும் பாயைப் போட்டு அங்கேயே கிடந்தேன். இலைகளின் நிழல் தரையில் ஊர்ந்து, என் கால்மேல் ஏறி, மடிமேல் ஏறி, முகத்தைத் தடவிவிட்டுப் போகும், கண்ணுக்குள் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும். கம்பத்தில் காதை வைத்தால் ஒரு முனகல், அது சுவருக்குள் இறங்கி வீடு முழுக்கப் போகிறது, வீடே அரைத்தூக்கத்தில் முணுமுணுக்கிறது. அப்படியே கண் அசந்தபோது உன் அப்பா படியேறி வருகிற சத்தம்கூடக் கேட்டது, எழுந்து பார்க்கவில்லை, பார்த்தால் இருக்க மாட்டார் என்று தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் துணியை மடித்து எடுத்துக்கொண்டு படியில் பாதி இறங்கியபோது கரண்ட் போனது. படிவிளக்கும் எரியவில்லை. ஒன்பதாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விழுவேன் என்ற பயம் இல்லை, இது தெரிந்தால் நீ வந்து நிற்பாயே, அந்தப் பயம். எவ்வளவு நேரமோ தெரியாது, பக்கத்துச் சுவரை யாரோ தட்டினார்கள். "அண்ணி, படியிலயா இருக்கீங்க? எந்திரிக்காதீங்க, அப்படியே உக்காருங்க" என்றார் உன் சித்தப்பா. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஆகாயத்தைப் பார்க்காமல் என்னிடம் பேசினார். அந்தக் கருப்புச் சாமானை வைத்தீர்களா என்று கேட்டார். பொத்தான் டப்பாவில் இருக்கிறது என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "காத்து இருந்தா மோட்டார் பேட்டரிக்குக் குடுக்கும், காத்து இல்லைன்னா பேட்டரிகிட்ட வாங்கித் தின்னுட்டுச் சும்மா சுத்தும். அந்தச் சாமான்தான் அண்ணி நடுவுல நின்னு, போனதைத் திரும்ப விடாம பாத்துக்கும்" என்றார். அப்போதுதான் புரிந்தது, இரண்டு நாளாக நான் சொக்கிப்போய்ப் பார்த்தது காற்றை அல்ல, என் படிக்கு வேண்டிய வெளிச்சம்தான் வானத்தில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் வரும்வரை அவர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தார், நான் இந்தப் பக்கம் உம் கொட்டினேன்.

மறுநாள் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லச் சொல்ல, என் கையாலேயே அதை வைத்து இறுக்கினேன். பேட்டரியில் மிச்சமிருந்த துளியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த விசிறி உடனே நின்றுவிட்டது. மனசுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நாலு நாள் கழித்து நிஜக் காற்று வந்தது, அன்றிலிருந்து பதினோரு தடவை கரண்ட் போயிருக்கிறது, பதினோரு தடவையும் விளக்கு எரிந்தது. ஒரு தடவை மட்டும், ஆறு நாள் காற்று இல்லாததால் மங்கிப்போய், படியின் விளிம்பு மட்டும் தெரிகிற அளவுக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் சித்தப்பாவிடம் அந்த வியாழக்கிழமைப் பேச்சைப் பற்றிக் கேட்டே விட்டேன். "அப்படியா சொன்னேன்? ஞாபகமே இல்லையே அண்ணி" என்கிறார். எனக்கு வந்ததே கோபம். இத்தனை வருடம் நான் ஒருத்தியாகச் சுமந்திருக்கிறேன், அவரிடம் அது இல்லவே இல்லையாம். தேதி, கிழமை, சட்டை, இல்லாத பொத்தான் எல்லாம் சேர்த்துத் திரும்ப ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன், இனிமேல் அவரும் வைத்துக்கொள்ளட்டும். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சாயங்காலம் டீ போட்டால் சுவர்மேல் ஒரு டம்ளர் வைக்கிறேன், அவ்வளவுதான்.

பேத்தி படுத்துக்கொண்டு படிக்கிறாள் என்றாயே, விளக்கைத் தலைக்குப் பின்னால் வை, இல்லாவிட்டால் சின்ன வயதிலேயே கண்ணாடிதான். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நூறு வருடம் நோய் நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, நீ வருகிற நாளை முன்னாலேயே சொல். வா, ஒரு வாரம் இரு, கரண்ட் போகும்போது நீ கீழே நில், உன் கண் எதிரிலேயே பதினெட்டுப் படியும் இறங்கிக் காட்டுகிறேன். கால் ஒரு தடவை தடுமாறினாலும் மறுபேச்சு இல்லாமல் கிளம்பிவிடுகிறேன். தடுமாறவில்லை என்றால், ஒரு பையோடு வந்த நீ அதே ஒரு பையோடு திரும்பிப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் சொல் கேட்காத அம்மா