தென்னை மரத்துக்கு மோட்டார் எங்கே?

பொழிச்சலூர்,
மே 14

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் முழங்கால் வலி நீங்கலாக நலம், நீயும் அந்தக் கனடாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கண்ணை உருட்டுவாய், உருட்டு. நாம் பேசும்போதெல்லாம் உன் அப்பா காலையில் படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்துவைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழாமல் அவரைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதமாக அவர் உன்னோடு பேசவில்லை, நீயும் அவரோடு பேசவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. ஏர்போர்ட்டில் அவர் சொன்னது தப்புத்தான். செடி எப்படித் தண்ணி குடிக்குதுன்னு பாக்குறதுக்கு பிளேன் ஏறணுமா, நம்ம வூட்டுச் செம்பருத்தியைப் பார்த்தா தெரியாதா என்று அத்தனை பேர் எதிரில் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? முப்பத்து மூணு வருஷம் மோட்டார் ஸ்விட்ச் போட்டவங்களுக்கு அது புரியாதுப்பா என்றாய். எனக்கு அன்றைக்கு உன்மேல் நல்ல கோபம், இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. குடிநீர் பம்ப் ஹவுசில் அவர் ஸ்விட்ச் மட்டுமா போட்டார்? வெள்ளம் வந்த வருஷம் மூன்று நாள் வீட்டுக்கே வராமல் அந்த மோட்டாரோடு கிடந்தார், ஊருக்குக் குடிக்கத் தண்ணீர் ஏற வேண்டுமே. அன்று ஏர்போர்ட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு தலைக்கு மேல் பிளேன் போனால் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார். ஏர்போர்ட்டை ஒட்டின இந்தப் பொழிச்சலூரில் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருக்கிறவர் பிளேனைப் பார்ப்பதை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சர்ச்சில் ஆல்டருக்குப் பூ வைப்பது நம்முடைய முறை. சனிக்கிழமை காலையில் உன் அப்பா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு கட்டு ஜெர்பரா வாங்கி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கொண்டுவந்தார். வெயில் சொல்லி மாளாது. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து அதில் வைத்தார், மத்தியானம் பார்த்தால் அத்தனையும் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது, நீ பத்தாம் வகுப்பு மாடல் எக்ஸாம் மார்க் காட்ட வந்தபோது நின்றாயே, அப்படி. இவர் இன்னும் ஒரு குடம் ஊற்றினார். பூ தலையைத் தூக்கவில்லை. நாளைக்கு ஆயர் முகத்தில் எப்படி முழிப்பது என்று இவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கு நீ ஈஸ்டருக்குப் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. கத்தரிக்கோலை எடுத்து, காம்பைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தபடியே அடியில் இரண்டு அங்குலம் வெட்டினேன். என்ன பண்றே என்றார். வெளியே வெட்டினப்போ காம்புக்குள்ள ஏர் பிடிச்சிருக்கும், அதான் வாளி நிறையத் தண்ணி இருந்தும் மேலே ஏறலைன்னு ஜோவி சொன்னா என்றேன். அவ்வளவுதான். ஏர் பிடிச்சிருக்குன்னா சொன்னா, அவ வாயாலயா, அந்த வார்த்தையா என்று மூன்று தடவை கேட்டார். அது அவருடைய வார்த்தை அல்லவா, எத்தனை தெருக்காரர்கள் எங்க மோட்டார் ஓடுது சார், தண்ணி வரலை என்று இவரைக் கூப்பிட்டிருப்பார்கள், இவரும் போய்ப் பார்த்துவிட்டு பைப்பில் ஏர் பிடிச்சிருக்கு என்பார். சாயங்காலம் ஜெர்பரா அத்தனையும் நிமிர்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா உள்ளே போய்க் காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். நம் வீட்டில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குத் தெரியும்.

திங்கட்கிழமையிலிருந்து என் உயிரை எடுக்கிறார். செடிக்குள்ள மோட்டார் எங்கே இருக்கு என்று கேட்கிறார். மோட்டாரே கிடையாதாம், வெயிலில் இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் பின்னால் இருக்கிற தண்ணீரை இழுக்குமாம், அந்த இழுப்பு முடியைவிட மெல்லிய குழாய் வழியாக வேர் வரைக்கும் போய் மண்ணிலிருக்கிற ஈரத்தையும் இழுக்குமாம் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். உடனே பிடித்துக்கொண்டார். முப்பது அடிக்கு மேல எந்த மோட்டாரும் உறிஞ்சி எடுக்காது, அதுக்கு மேலன்னா கீழே தண்ணிக்குள்ளயே சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கணும், நம்ம தென்னை அம்பது அடி, அதுக்கு சப்மெர்சிபிள் எவன் இறக்கினான் என்கிறார். எனக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த மெல்லிய குழாயில் தண்ணீர் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும், மண் காய்ந்தால் இழுப்பு தாங்காமல் அறுந்து ஏர் பிடிக்கும், அறுகிற சத்தத்தைக் கேட்கத்தான் ஜோவி மரத்தில் கருவி மாட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிவைத்தேன். சத்தமா என்று கேட்டார். 

மறுநாள் காலை எதிர்வீட்டு அருள்மேரி ஓடி வந்தாள். இன்னாக்கா, சார் மரத்துக்கு டெஸ்டர் வெச்சுகினு நிக்கிறாரு, தென்னையில கரண்டு கீதா என்று கேட்டாள். போய்ப் பார்த்தால் உன் அப்பா பம்ப் ஹவுசில் வைத்திருந்த மரப்பிடி போட்ட பழைய திருப்புளியின் முனையைத் தென்னை மரத்தில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். மோட்டாரில் அப்படித்தான் வைத்துக் கேட்பார், பேரிங் தேய்ந்ததா, ஏர் பிடித்ததா என்று அதைக் கொண்டே சொல்லிவிடுவார். எங்களைப் பார்த்ததும் கரையான் இருக்கான்னு பாக்குறேன் என்றார். சபையில் கமிட்டி மெம்பர், பொய் சொல்லத் தெரியவில்லை. அருள்மேரி போன பிறகு மெதுவாக, ரத்தினா, ஏதோ கேக்குதுடி என்றார். நானும் காது வைத்துப் பார்த்தேன். மேலே பிளேன் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதுவரை எழுதிவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன், திரும்பி வந்தால் மேசைமேல் இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் அந்தத் திருப்புளி இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருக்கிறது. யாருக்கு என்று கேட்டதற்கு, கறிவேப்பிலைப் பொடி பார்சல் போகுதில்ல, அதுல வை, மிஷின் எல்லாம் ஒரு நாள் ரிப்பேர் ஆகும், இது ஆகாது என்றார். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, பிடியைத்தான் காதுல வெக்கணும், முனையை இல்லைன்னு எழுது, அவ பாட்டுக்குக் காதுல குத்திக்கப் போறா என்றார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நீயும் பார்க்காதது போலவே இரு. நான் எட்டு மாதமாகச் செபித்தது இதற்குத்தான்.

கறிவேப்பிலைப் பொடியைக் காற்றுப் போகாத டப்பாவில் கொட்டிவை. தலைக்கு எண்ணெய் தடவு, அந்த ஊரில் எண்ணெய் தடவினால் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. பார்சல் வந்து சேர்ந்த அந்த வாரம் சனிக்கிழமை போன் செய். நான் எடுக்க மாட்டேன். எத்தனை தடவை அடித்தாலும் வைத்துவிடாதே, அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வர நேரம் ஆகும்.

என்றும் உனக்காகச் செபிக்கும்
அம்மா,
அ. ரத்தினபாய்