அய்யாவுக்கு ஒரு கார்டு தேடிய நாட்கள்

செப்டம்பர் 1, திங்கள்

காற்று. புழுதி. மாடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்.

பணத்தை யாரிடம் கொடுத்து வைத்தால் பத்திரம்? ராமநாதபுரம் கல்லூரியில் இருபது வருடமாக ‘பணமும் வங்கியும்’ பாடம் நடத்துகிறேன். பதில் தெரியாது. காலையில் தம்பி முத்து சென்னையிலிருந்து போனில் இதையேதான் கேட்டான். கொஞ்சம் சத்தமாக.

விஷயம், அய்யா. அம்மா போனபிறகு எங்கள் ஊரான சிக்கலில் தனியாக இருக்கிறார். போன வாரம் ‘பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். இவர் போனில் வந்த எண்களையெல்லாம் வரிசையாக ஒப்பித்திருக்கிறார். கணக்கில் இருந்த நாலாயிரம் சொச்சம் காலி. அய்யாவுக்குப் பெரிய வருத்தம் இல்லை. “நல்லாப் பேசுனான் தாயி. சாப்பிட்டீகளான்னு கூடக் கேட்டான்.”

வருத்தமெல்லாம் முத்துவுக்கு. “இனிமே அவர் தனியா இருக்க வேணாம்க்கா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க லிப்ட் இருக்கு, கீழ பார்க் இருக்கு.” அய்யா லிப்டில் ஏறினால் கையைக் கட்டிக்கொண்டு சன்னிதியில் நிற்பதுபோல் நிற்பார். போன தடவை ஒரு வாரம் தாங்கவில்லை.

முடிவு: ஏமாற முடியாதபடி அன்றாடச் செலவுக்கு ஒரு ஏற்பாடு நான் செய்து காட்ட வேண்டும். செய்யாவிட்டால் அய்யாவுக்குச் சென்னை. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

வாங்க வேண்டியவை: உளுந்து, பல்பு, முழங்கால் தைலம்.

செப்டம்பர் 3, புதன்

ஆசிரியர் அறையில் ஜரீனாவிடம் விசாரணை. வணிகவியல் துறை. கீழக்கரைக்காரி, கணவர் துபாயில். கைப்பையைத் திறந்து கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் விரித்தாள்.

“இது பெட்ரோலுக்கு. இது மளிகைக்கு. இது அவுக அனுப்புற பணத்துக்கு. இது எதுக்குன்னு மறந்துபோச்சுக்கா. ஆனா கலர் நல்லா இருக்குல்ல?”

என் ஒப்பீடு:

ஆப் வங்கி (ஆ.வ.). கிளை இல்லை, மேனேஜர் இல்லை, ஆகவே சண்டை போட ஆள் இல்லை. குறைந்தபட்ச இருப்பு வேண்டாமாம். வட்டி கொஞ்சம் கூடுதல். சந்தேகம் கேட்டால் ‘ரியா’ என்ற ஒருத்தி எழுத்தில் பதில் தருகிறாள். பணம் திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் ‘உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது’ என்றாள். என் உணர்வைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பிரீபெய்டு கார்டு (பி.கா.). நாம் போட்டு வைப்பது மட்டும்தான் செலவாகும். ஏமாந்தாலும் அதோடு போகும். வட்டி கிடையாது. வாங்கக் கட்டணம், வருடத்துக்கு ஒரு கட்டணம், ஏடிஎம்மில் எடுத்தால் கட்டணம், எதுவும் செய்யாமல் சும்மா வைத்திருந்தாலும் கட்டணம். எல்லாம் கடைசியில் பொடி எழுத்தில். என் கண்ணாடி போதாமல் ஜரீனாவின் கண்ணாடியையும் மேலே மாட்டிப் படித்தேன். முதல்வர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

முத்துவின் கட்சி ஆ.வ. எனக்கு இரண்டின் மேலும் சந்தேகம், பி.கா.வில் அந்தச் சந்தேகத்துக்கு ஓர் எல்லை உண்டு.

செப்டம்பர் 6, சனி

சிக்கல். பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். முத்துவின் பிடிவாதத்தால் முதல் முயற்சி ஆ.வ.

அய்யா பெயரில் கணக்குத் தொடங்க வீடியோவில் முகம் காட்ட வேண்டும். சிக்னல் கண்மாய்க் கரையில்தான் ஒழுங்காக வரும். அய்யா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா விடவில்லை.

“என்னண்ணே, பொண்ணு பாக்கவா?”

“மாப்ள பாக்குறாக. நான்தான் மாப்ள.”

திரையில் டை கட்டிய ஒருவர். “சார், தலையை இடது பக்கம் திருப்புங்க.” திருப்பினார். “வலது பக்கம்.” திருப்பினார். “ஒரு தடவை சிரிங்க சார்.”

“எதுக்கு?”

“நீங்க உயிரோட இருக்கிற ஆள்தான்னு சிஸ்டத்துக்குத் தெரியணும் சார்.”

“ஒங்ககிட்ட பேசிக்கிட்டுத்தானப்பா இருக்கேன்!”

அய்யா சிரிக்கவில்லை. பேச்சியம்மா சிரித்தாள், கண்மாய் அதிர. பக்கத்தில் வேறு ஆள் இருக்கக் கூடாதாம். விண்ணப்பம் நிராகரிப்பு, காரணம், ‘பின்னணியில் மற்றொருவர் குரல்’. ஆடுகளும் கத்தின. அவற்றைக் குற்றம் சொல்லவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பி.கா. என் பெயரில் எடுத்து, அய்யா தன் போனில் ஸ்கேன் செய்து செலவழிக்கும்படி அமைத்தேன். இரண்டாயிரம் போட்டேன். நாலு தடவை விளக்கினேன்: எண் கேட்டு யார் கூப்பிட்டாலும் சொல்லக் கூடாது, செலவு எதுவானாலும் உடனே என் போனுக்குத் தகவல் வரும்.

“ஒடனேவா?”

“உடனே.”

“நீ கிளாஸ்ல இருந்தாலுமா?”

“இருந்தாலும்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். என்ன யோசனை என்று கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில். விடைத்தாள் கட்டு.

தகவல்கள் வருகின்றன. கருப்பையா டீக்கடை, ₹12. பேப்பர், ₹8. மறுபடி கருப்பையா, ₹24. இரண்டு டீயா, டீயும் வடையுமா? ‘சீனி இல்லாத டீதான் தாயி’ என்று சத்தியம் செய்கிறவர். சீனியைப் பற்றி எந்த வங்கியும் தகவல் அனுப்புவதில்லை.

அடுத்தவர் சட்டைப் பையில் கைவிட்ட மாதிரி கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போன் ஒலித்தால் பார்த்துவிடுகிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

புதிர். நேற்றுக் காலை ₹1. மதியம் ₹1, உடனே இன்னொரு ₹1. பொழுது சாய்ந்ததும் ₹1. இன்றும் அதே மாதிரி. எல்லாம் கருப்பையா கடையில்.

ஒரு ரூபாய்க்கு இந்தக் காலத்தில் என்ன கிடைக்கிறது?

“ஷாம்பு பாக்கெட்டு?” என்றாள் ஜரீனா.

“ஒரு நாளைக்கு நாலா?”

“சுத்தமான மனுசரா இருப்பாகக்கா, மாஷா அல்லாஹ்.”

அய்யாவுக்குத் தலையில் முடியே கிடையாது.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாம் பாடவேளை. கரும்பலகையில் பணவீக்கம். போன்: ₹1. ₹1. ₹1. வரிசையாக மூன்று. வகுப்பு முடிந்ததும் படம் எடுத்து முத்துவுக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது.

“அக்கா, இது அவனுகதான்! மொதல்ல ஒத்த ரூபா அடிச்சுப் பாப்பானுக. போகுதுன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் வழிச்சிருவானுக. ஒடனே பிளாக் பண்ணு!”

முடக்கினேன். “அய்யாவுக்குப் போன் பண்ணிக் கேக்குறேன்” என்றேன்.

“பண்ணாத! போன் அவனுக கையில இருந்தா? உஷாராயிருவானுக! நான் ராத்திரி ரயில்ல கிளம்பி வாரேன். அய்யாவைக் கையோட கூட்டிட்டுப் போறேன். போதும்க்கா இந்த வெளையாட்டு.”

அரைநாள் விடுப்பு. சிக்கல் பஸ்.

அய்யா கருப்பையா கடை பெஞ்சில் இருந்தார். முழுசாக. போன் அவர் கையிலேயே. சட்டைப் பை புடைத்திருந்தது.

“என்ன தாயி, போன் பண்ணுவேன்னு பாத்தா நேர்லயே வந்துட்டே?”

“யாருக்குய்யா ஒரு ரூபா ஒரு ரூபாயா அனுப்புறீக?”

“ஒனக்குத்தான்.”

போன் பேசினால் காசு கரைந்த காலத்தில் எங்கள் வீட்டில் மிஸ்டு கால் பாஷை ஒன்று இருந்தது. ஒரு தடவை அடித்தால் ‘நல்லா இருக்கேன்’. இரண்டு, ‘சாப்பிட்டாச்சு’. மூன்று, ‘நீ கூப்பிடு’. நானும் முத்துவும் எப்போதோ மறந்துவிட்டோம். அய்யா மறக்கவில்லை. நான் வகுப்பில் போனை எடுக்க மாட்டேன். ஆனால் செலவுத் தகவல் வந்தே தீரும் என்று நானே சொன்னேன். ஆகவே ரூபாய் மூலமாக மிஸ்டு கால்.

கருப்பையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “காலைல நம்ம பொட்டி ‘ஒரு ரூபாய் பெறப்பட்டது’ன்னு கத்துச்சுன்னா ஊருக்கே தெரியும்க்கா, அய்யா எந்திரிச்சுட்டாருன்னு. மத்தியானம் ரெண்டு தடவை கத்துனா கஞ்சி குடிச்சுட்டாரு. நேத்து ஒரு தடவைதான் கத்துச்சுன்னு பேச்சியம்மா வந்து விசாரிச்சுட்டுப் போகுது. ரெண்டாவது கத்துறதுக்குள்ள கரண்டு போயிருச்சு, அம்புட்டுத்தான்.”

“ஒரு ரூபாய்க்கு என்ன குடுப்பீங்க?”

“சும்மா வாங்கலாமா? ஒரு முட்டாய்.”

சட்டைப் பையின் புடைப்புக்கு விளக்கம்.

“இன்னைக்கு மூணு விட்டேன்” என்றார் அய்யா. “நாலாவதா ஒண்ணு விட்டேன், போகல. சரி, நீ பாத்துட்டுக் கட் பண்ணிட்டே, திருப்பிக் கூப்புடுவேன்னு ஒக்காந்திருக்கேன்.”

நான் கார்டை முடக்கியதைத்தான் சொல்கிறார். முன்பு அப்படித்தான்: மிஸ்டு காலைக் கட் பண்ணினால் ‘பார்த்துவிட்டேன், கூப்பிடுகிறேன்’.

“எதுக்குய்யா கூப்பிடச் சொன்னீக?”

“வானம் இருட்டுது. இப்ப உழுது போட்டாத்தான் விதைக்க முடியும். டிராக்டருக்குச் சொல்லட்டுமான்னு கேக்கத்தான்.”

“முத்து ரயில்ல வாரான். உங்களைக் கூட்டிட்டுப் போக.”

அய்யா ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரை நோய். நான் தடுக்கவில்லை. கார்டின் முடக்கத்தை நீக்கினேன். இரவு சிக்கலிலேயே.

செப்டம்பர் 13, சனி

மூட்டம். தூறல் இல்லை.

முத்து வந்தான். பெரிய பெட்டி, உள்ளே காலி, அய்யாவின் துணிக்கு. நாளை மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட். அய்யா பெட்டியைத் தட்டிப் பார்த்து “விதைநெல்லு மூணு மரக்கா பிடிக்கும்” என்றார்.

ரூபாய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஏன் வரல?” என்றான்.

“தகவல் என் நம்பருக்குத்தான் வரும்டா.”

“அது இல்லக்கா. அய்யா, நானும் மகன்தானே? எந்திரிச்சேன், சாப்பிட்டேன்னு எனக்கு ஒண்ணு விட மாட்டீகளா?”

“ஏலே, ஒனக்கு எப்பிடி விடுறது? ஒன் கார்டா வச்சிருக்கேன்?”

பிறகு முத்து காலை முழுக்கக் கண்மாய்க் கரையில் போனோடு. அவன் ஆ.வ. கணக்கிலிருந்து அய்யாவும் ஸ்கேன் செய்து செலவழிக்க ஒரு வசதி இருக்கிறதாம்; வரம்பு வைக்கலாமாம், தகவல் முத்துவுக்குப் போகுமாம். புழுக்கத்தில் முகம் வியர்த்து, வெற்றியோடு வந்தான். “அய்யா, இனிமே எனக்கும் வரும்.”

“சரிலே. ஒனக்கும் விடுறேன்.”

தன்னோடு சென்னையில் இருக்கப்போகிற மனிதர் எழுந்தாரா சாப்பிட்டாரா என்று தெரிய இவனுக்குத் தகவல் எதற்கு? நான் கேட்கவில்லை. அவனே யோசிக்கட்டும். பெட்டி மட்டும் நடுவீட்டில் வாயைத் திறந்தபடி. அய்யாவின் துணி எதையும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்தது இதுதான்.

நாங்கள் எழுந்தபோது அய்யா வீட்டில் இல்லை. முத்து கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி. எனக்கு வழக்கமான ₹1 வந்தது. எட்டிப் பார்த்து, “எனக்கு வரலை” என்றான். நான் காப்பி போட்டேன்.

பிறகு அவனுக்கு வந்தது. ₹2,800.

“அக்கா! போச்சு! எவனோ அடிச்சுட்டான்! பிளாக் பண்ணப்போறேன்!”

“யாருக்குப் போயிருக்குன்னு மொதல்ல பாரு.”

பார்த்தான். ஏதோ டிராக்டர்ஸ் என்று போட்டிருந்தது. அதற்குள் கொல்லைப் பக்கம் டிராக்டர் சத்தம். ஓடினோம். முத்து செருப்பில்லாமல். எங்கள் புஞ்சையில் பாதி உழுதாகிவிட்டது. கொக்குகள் டிராக்டருக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. அய்யா வரப்பில் நின்றார், சட்டை முழுக்கப் புழுதி.

“வந்துச்சாலே?”

முத்துவுக்கு இரைத்தது. “வந்துச்சுய்யா. ரெண்டாயிரத்து எண்ணூறு வந்துச்சு.”

“பெத்த மகனுக்கு ஒத்த ரூபா விட்டா நல்லாவா இருக்கும்?”

முத்து என்னைப் பார்த்தான். நான் கொக்கைப் பார்த்தேன்.

“அறுப்பு எப்பய்யா?” என்றான்.

“தை கழியட்டும்.”

முத்து மாலை ரயிலில் தனியாகப் போனான். ஒரு டிக்கெட் ரத்து. பிடித்தம் போக மீதி அவன் ஆ.வ. கணக்குக்கு வரும். எப்போது வரும் என்று ரியாவிடம் கேட்டிருக்கிறான். அவன் உணர்வு அவளுக்குப் புரிகிறதாம்.