யாரோ வரைந்த ஷூ

என் செல்ல மகன் ஜோசுவாவுக்கு ஆம்பூரிலிருந்து அம்மா எழுதுகிறேன். கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் உன் தங்கை ஜெனியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், வியட்நாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று இப்போதுதான் ஜெபித்துவிட்டு உட்கார்ந்தேன். தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், போனில் உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல வாய் வராது. அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் கம்மி, கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளில் சிரித்துக்கொண்டே வருகிறார். ஜெனி வேலூர் காலேஜுக்குப் போய் வந்து வெயிலில் கறுத்துவிட்டேன் என்று தினமும் என்னோடு சண்டை போடுகிறாள், வெயிலை நான்தான் வரவழைத்த மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீசில் தோலில் சாம்பிள் செய்கிற பிரிவை மூடிவிட்டார்கள், வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் கேமில் ஓடுகிற ஆட்களுக்கு ஷூ வரையக் கூப்பிடுகிறார்கள், வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், போகட்டுமா என்று கேட்டாய். இதற்கா ஷூ டிசைன் படித்தாய், வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பேசாமல் ஊருக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அன்பரசன் மாமா வேறு சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும், இன்னாக்கா, கால் இல்லாதவனுக்கு ஷூ போடுறானாமே உன் புள்ள, அளவு யார் கால்ல எடுப்பான் என்று சிரித்தான். அக்கா தம்பி விளையாட்டுதான், ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிறு அப்பாவின் முட்டி வலியை விசாரிக்க, அவருடைய ஷூ கம்பெனி முதலாளி தன்சீல் அகமது பாய் நம் வீட்டுக்கு வந்தார். மாமாவும் இருந்தான். பையன் இன்னா பண்றான்மா என்று பாய் கேட்டதும் மாமா வாயைத் திறக்கப் போனான். நான் உள்ளே ஓடினேன். நீ வந்தால் போட்டுக்கொள்ள, ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கிற பைபாஸ் கடையில் ஒரு பிரவுன் ஷூ வாங்கி வைத்திருந்தேன், லேபிளைக் கடைக்காரனே வெட்டியிருந்தான். அதைக் கொண்டுவந்து நீட்டி, இது ஜோசுவா போட்ட டிசைன் என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாதா, நம் ஊர்க்காரர்கள் ஷூவை எப்படிப் பார்ப்பார்கள் என்று. கவிழ்த்தார், வளைத்தார், உள்ளே கையை விட்டுத் தடவினார். மாஷா அல்லா, லைன் இன்னா அழகா போகுது பாருங்க, வரச் சொல்லும்மா, சாம்பிள் ரூமையே அவன்கிட்ட விட்டுர்றேன் என்றார். அடுத்த மாசமே வந்துடுவான் என்று நானே வாக்குக் கொடுத்தேன். மாமா வாயை மூடிக்கொண்டதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட. எல்லோரும் போன பிறகு அப்பா, அந்தக் கடையில நானும்தானே பக்கத்துல நின்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை ஜோசுவா. டம்ளர் கழுவும்போதுதான், இதை வரைந்த பிள்ளைக்கும் எங்கேயோ ஒரு அம்மா இருப்பாளே என்று தோன்றியது. அவள் பிள்ளையின் வேலையைத் திருடி உன் பெயரில் போட்டு, உன் வேலையை ஒளித்துவைத்திருக்கிறேன். நான் பி.காம் படித்தவள், சண்டே கிளாசில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கிறவள். நேற்றுக் கம்பெனிக்கே போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். அப்ப அது யாரு டிசைன்மா, அந்தப் பையனைத் தெரிஞ்சா அனுப்பி வை என்றார். அப்புறம் சாய் குடிச்சிட்டுப் போம்மா என்றார். குடித்தேன், எப்படிக் குடித்தேன் என்று கேட்காதே. இன்றைக்கு அப்பா அதே கேட் வழியாகத்தான் வேலைக்குப் போனார்.

ஆக, இங்கே உனக்குத் திறந்த கதவை நானே சாத்திவிட்டேன். மன்னித்துவிடு. நான் ஊருக்கு வா என்று சொன்னதைக் கணக்கில் வைக்காதே, உன் மனசு சொல்கிற பதிலைச் சொல். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேம் எத்தனை நாள் ஓடும், அதையும் மூடினால் என்ன செய்வாய் என்று கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. மூடினால் அடுத்ததைக் கற்றுக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எது செய்தாலும் போகிற வருகிறவர்கள் காலைக் கவனித்து வரைவதை மட்டும் விடாதே. திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, ராத்திரி வெறும் நூடுல்ஸ் தின்று படுக்காதே.

இன்னொன்று. மழையில் ஒருவன் ஓடுகிற மாதிரி ஒரு வீடியோ அனுப்பினாயே, நீ வரைந்த பூட்ஸ் என்று, அதை நான் முழுசாகப் பார்க்காமலே அழித்துவிட்டேன். திரும்ப அனுப்பு. இந்த ஞாயிறு மாமா சாப்பிட வருகிறான். அவன் சிரித்தால் சிரிக்கட்டும், என் பையன் செய்தது இதுதான்டா என்று காட்டப் போகிறேன்.

திங்கட்கிழமையை மறந்துவிடாதே. கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதித்து உன்னைப் பத்திரமாக நடத்துவாராக.

உன்னிடம் முகம் காட்டக் கூசுகிற,
அம்மா