உனக்கு அனுப்பிய டிக்கெட்

காட்டூர், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக நடக்கிறது, அந்த எட்மண்டன் பனியில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ, தலைக்குக் குளித்த ஈரத்தோடு பஸ்ஸுக்கு ஓடாதே. அம்மா மாதிரியே பேசுறீங்கப்பா என்பாய், அவள் போன பிறகு அவள் பங்கையும் சேர்த்து நான்தானே பேச வேண்டியிருக்கிறது. பார்சலில் இட்லிப் பொடியும் மோர்மிளகாயும் வைத்திருக்கிறேன், கடையில் வாங்கியதுதான், நான் அரைத்ததோ என்று பயப்படாமல் சாப்பிடு. லால்குடியில் மாரியாயி அத்தைக்கு அறுப்பு முடிந்துவிட்டது, இந்த முறை விளைச்சல் பரவாயில்லையாம். அதைச் சொல்லத்தான் போன் செய்கிறாள் என்று நினைத்தேன், ஆனால் செவிடனிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தம் போட்டுப் பேசினாள், நடுவில் அண்ணே இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாப்போம் என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய். அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு போல என்று சொல்லித்தான் அடுத்த மாதம் நரம்பு டாக்டரிடமும் எனக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறாய். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது, அந்தச் சின்னத் திரையில் உன் முகம் வாடுவதைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்தக் கச்சேரி டிக்கெட் விஷயம்தான்மா. நீ லீவில் வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் என்று என் நம்பரில் இரண்டு டிக்கெட் எடுத்தாய், பிறகு விசா புதுப்பிக்கிற வேலை முடியாததால் வர முடியவில்லை, நான் இல்லாட்டி என்னப்பா, யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க, வீணாக்கிடாதீங்க என்றாய். சரி என்றேன். போனைத் திறந்து பார்த்தால் டிக்கெட்டைக் காணோம், நிகழ்ச்சியன்று மாலை ஐந்து மணிக்குத்தான் தெரியும் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. யாரோ உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று செல்போன் கடை ஹாலித் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஏமாத்தெல்லாம் இல்லீங்க, முன்னாடியே குடுத்தா வாங்கி வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு ரெண்டு மடங்குக்கு விப்பாங்க, அதான் கடைசி நேரத்துல தர்றாங்க, இன்னொருத்தருக்கு அனுப்புறதா இருந்தாலும் அதுக்கப்புறம்தான் முடியும் என்று விளக்கினார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மலைக்கோட்டைப் பக்கம் தியேட்டர் வாசல்களில் கைக்குள் டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டு காதோரம் வந்து விலை சொன்ன ஆட்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது வேண்டியதுதான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் கையில் இல்லாத டிக்கெட்டைச் சொல்லி ஒருவரை எப்படி வாங்க என்று கூப்பிடுவது. அது வராமல் போனால் அவர் முன்னால் நான் அசடு வழிந்துகொண்டு நிற்க வேண்டும், உனக்குத்தான் என் ரோஷம் தெரியுமே. வரட்டும், வந்ததும் கூப்பிடுவோம் என்று இருந்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், அதற்குள் உன் விசா வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. கச்சேரி அன்றைக்கு நாலு மணிக்கே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், சொன்னபடி ஐந்து மணிக்கு இரண்டு டிக்கெட்டும் பளிச்சென்று வந்தன. உடனே அருள்ராஜைக் கூப்பிட்டேன், அவரும் நானும் ஒரே ஆபீசில் எத்தனை காலம் வேலை பார்த்தோம் என்று உனக்குத் தெரியும். அவர் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டாராம், போன தீபாவளிக்கே போய்விட்டாராம், இங்கே நாலு தெரு தள்ளி இருந்த எனக்குத் தெரியவில்லை. அடுத்து ஸ்ரீரங்கத்துச் சிநேகிதர் பிச்சமுத்துவைக் கூப்பிட்டேன். நான் மூட்டுவலி ஆளாச்சே, பாலம் தாண்டி வரணுமே, காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பையனை வண்டியில கொண்டாந்து விடச் சொல்லியிருப்பேனே என்றார். பக்கத்து வீட்டில் பூட்டு. பிறகு போனில் இருக்கிற பெயர்களை ஒன்றுவிடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கேஸ்காரர், தண்ணி கேன், கேபிள், பிளம்பர், மருந்துக் கடை. அம்மாவின் நம்பரும் இருக்கிறது, நான் இன்னும் அழிக்கவில்லை. இத்தனை பெயர் இருந்தும், இன்றைக்குச் சாயங்காலம் என்னோடு வாங்க என்று சொல்ல ஒரு ஆள் இல்லை தர்ஷினி. வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனால் இது எனக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு மாதிரி எழுதினால் பொய்.

அப்புறம்தான் இன்னொரு டிக்கெட்டை அனுப்புகிற இடத்தில் உன் நம்பரைப் போட்டேன். உனக்கு அங்கே விடிந்திருக்காது, தூங்கிக்கொண்டிருப்பாய், கனடாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும், கிழமையும் தெரியும். நீ பாட்டு நடுவில் கூப்பிட்டு, மாத்தி எனக்கு அனுப்பிட்டீங்களேப்பா, வீணாப்போச்சே, என்ன ஆச்சு உங்களுக்கு என்று பதறினாய். அந்த இரைச்சலில் விளக்கமாகச் சொல்ல முடியாமல், கைதவறிவிட்டது என்றேன். கைதவறவில்லை. யாராவது ஒருத்தர் பெயரில் அந்தச் சீட்டு இருக்கட்டும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். வாசலில் ஒருவர் எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா சார் என்று கேட்டார், இல்லை என்றேன். உள்ளே பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு வைத்தேன், ஒரு அம்மா யாராச்சும் வர்றாங்களாங்க என்று கேட்டபோது பொண்ணு வருதுங்க என்று சொன்னேன். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசிவரைக்கும் துண்டை எடுக்கவில்லை.

நீ வாங்கிய நேரத்துக்கு டாக்டரிடம் போகிறேன், உன் மனசு சமாதானம் ஆகட்டும், கிழமை கேட்டால் சரியாகச் சொல்லிவிட்டு வருகிறேன். வருகிற ஞாயிறு முக்கொம்பு போகலாம் என்று பிச்சமுத்துவிடம் இன்றைக்கே சொல்லி வைத்திருக்கிறேன், மூட்டு எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டுச் சொல்றேன் என்றிருக்கிறார். வாடகை வீட்டுக்காரரிடம் ஹீட்டரைப் பார்க்கச் சொல், ராத்திரி வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. சமயபுரத்தாள் உனக்குத் துணை இருப்பாள், நல்ல வேலையும் நல்ல மனசும் உள்ள பிள்ளை, குறையில்லாமல் இருப்பாய். ஒன்றே ஒன்று மறக்காதே. விசா கைக்கு வரட்டும், லீவு உறுதியாகட்டும், டிக்கெட் போட்ட பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. வரலாம் என்று உனக்குத் தோன்றிய அன்றைக்கே சொல்லிவிடு. அப்புறம் வர முடியாமல் போனாலும் கோபிக்க மாட்டேன், அதுவரைக்கும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன் இல்லையா.

உன் அப்பா
தர்மராஜ்